வாபாஷ் ஐரிஸ் (1936): அடையாளம், பிரித்து நடுவது, பராமரிப்பு

கொல்லைப்புறம் (ஃபோர்ட் வேயின், இண்டியானா)

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷக் கடைசியில இங்க ஒரு பழைய வீடு வாங்கினோம். பின்பக்க வேலியோரமா பெரிய ஐரிஸ் புதர் ஒண்ணு இருந்துச்சு. இந்த வாரம் பூத்திருக்கு, கண்ண எடுக்க முடியல. நிமிர்ந்து நிக்கிற மூணு மேல் இதழும் சுத்த வெள்ளை. கீழ தொங்குற மூணும் கரும் ஊதா, வெல்வெட் மினுமினுப்பு. அந்த ஊதாவைச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளைக் கரை ஓடுது. கீழிதழ் நடுவுல முடி மாதிரி நிக்கிற பட்டை, அதான் தாடி, மஞ்சள். தண்டு மூணடி உயரம் இருக்கும். இப்ப கடையில வர்ற ஐரிஸ் மாதிரி இதழ் ஓரத்துல சுருக்கம் ஒண்ணும் கிடையாது.

பக்கத்து வீட்டு அம்மா இதை "வாபாஷ்"னு சொல்றாங்க. முன்னாடி இங்க குடியிருந்தவங்க அவங்க அம்மாகிட்டேருந்து வாங்கி வச்சதாம். தேடினா 1936ல வந்த ரகம்னு போட்டிருக்கு. உண்மையிலேயே அதுதானா?

இன்னொண்ணு. புதரோட ஓரத்துல மட்டும்தான் பூ. நடுவுல வெறும் கிழங்கா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு, சிலது காய்ஞ்சும் போச்சு. பிரிச்சு நடணும்னு தெரியுது. எப்ப, எப்படின்னு சொல்லுங்க.

---

பழையபூ (நியூ ஜெர்சி)

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் வாபாஷுக்குப் பொருந்துகின்றன. மேலே வெள்ளை, கீழே நிறம் என்று வரும் ஐரிஸ்களை "அமீனா" வகை என்பார்கள். அந்த வகையில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் பரவிய பழைய செடி வாபாஷ்தான். கீழிதழின் வெள்ளைக் கரை அதற்குப் பெயர் போனது. 1940இல் டைக்ஸ் பதக்கம் பெற்றது. ஐரிஸுக்கு அமெரிக்காவில் அதற்கு மேலான விருது கிடையாது, ஆண்டுக்கு ஒரு செடிக்கு மேல் கொடுப்பதும் இல்லை.

ஆனாலும் அவசரப்பட வேண்டாம். இதே சாயலில் வேறு செடிகளும் உண்டு. ஜெர்மனியின் கூஸ் அண்டு கோனமான் நிறுவனம் 1910இல் வெளியிட்ட "ரைன் நிக்ஸ்" பூவிலும் மேலே வெள்ளை, கீழே ஊதா, ஓரத்தில் வெள்ளைதான். அது சிறிய பூ. 1949இல் வந்த "ஹெலன் காலிங்வுட்" இன்னொன்று. அதன் மேலிதழில் வெளிர் ஊதாச் சாயல் இருக்கும், வெள்ளை என்று சொல்ல முடியாது. காலை வெளிச்சத்தில், அன்றைக்கு விரிந்த பூவின் மேலிதழைப் பாருங்கள். சுத்த வெள்ளை என்றால் ஹெலன் காலிங்வுட் இல்லை என்று தள்ளிவிடலாம்.

படத்தை மட்டும் வைத்துப் பழைய ஐரிஸுக்குப் பெயர் சூட்டக்கூடாது. பெயர் உறுதியான செடி ஒன்றை அருகிலேயே நட்டு, இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கும்போது மொட்டு, கிளை, தாடி, இலையின் அடிநிறம் வரை ஒப்பிட வேண்டும். அதுவரை உங்கள் பலகையில் "வாபாஷ் ஆக இருக்கலாம்" என்று எழுதுங்கள். "வாபாஷ்" என்று முடித்து எழுதிவிடாதீர்கள்.

---

வெண்டைத்தோட்டம் (கொலம்பஸ், ஓஹையோ)

அக்கா, பிரிக்கிறதுக்கு ஜூலை நடுவுலேருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நல்ல நேரம். பூ முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சுன்னு வச்சுக்கலாம். அப்ப செடி கொஞ்சம் ஓய்வுல இருக்கும். செப்டம்பர் தாண்டினா உறைபனிக்கு முன்னாடி வேர் பிடிக்க நேரம் பத்தாது. பனிக்காலத்துல மண் உறைஞ்சு இளகும்போது வேர் பிடிக்காத கிழங்கு மேல தூக்கிக்கும்.

முள்கொத்தால சுத்தி நெம்பி, புதரை அப்படியே முழுசா எடுங்க. மண்ணை உதறிட்டுத் தண்ணி அடிச்சுக் கழுவுங்க. நடுவுல இலை இல்லாத பழைய கிழங்கைத் தூக்கிப் போடலாம். ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்ததுக்கப்புறம் அதோட பக்கத்துல வர்ற குட்டிகள்தான் அடுத்தடுத்த வருஷம் பூக்கும். உங்க புதர் நடுவுல வெறிச்சுன்னு இருக்கக் காரணமே அதுதான், எல்லாம் பூத்து முடிச்ச கிழங்கு.

ஓரத்துல இருக்கிற கெட்டியான, விசிறியா இலை விட்ட குட்டிகளை வெட்டி எடுத்து, இலையை ஆறு அங்குலத்துக்குக் கத்தரிச்சு, வெட்டுவாய் காயுற வரைக்கும் நிழல்ல ஒரு நாள் போட்டு வையுங்க. அப்புறம் நடலாம்.

---

கொல்லைப்புறம்

தம்பி, ரொம்ப நன்றி. எவ்வளவு ஆழம்? ஊர்ல மஞ்சள் நடுற மாதிரி மூடிடலாமா?

---

வெண்டைத்தோட்டம்

கூடவே கூடாது! பார்க்க மஞ்சள் கிழங்கு மாதிரிதான் இருக்கும், ஆனா இதுக்கு முதுகுல வெயில் படணும். ஒரு சின்ன பள்ளம் எடுத்து, நடுவுல மண்ணை மேடு கட்டி, அந்த மேட்டுல கிழங்கை உக்கார வச்சு, வேரை ரெண்டு பக்கமும் சரிவுல இறக்கி விட்டு மண் போடுங்க. கிழங்கோட மேல்பாகம் மண் மட்டத்துக்குத் தெரியணும். நம்ம பக்கம் களிமண், அதனால இன்னும் கவனம். டெக்சஸ் மாதிரி வெயில் கொளுத்துற இடத்துலதான் ஒரு அங்குலம் வரைக்கும் மண் மூடலாம்.

இடைவெளி ஒண்ணரை அடி. இலை வர்ற முனை எந்தத் திசையைப் பார்க்குதோ அந்தப் பக்கமாத்தான் வளரும், அதுக்கு இடம் விட்டு நடுங்க. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். மேல மரத்தூள், மல்ச் எதுவும் போடாதீங்க, ஈரம் தேங்கி அழுகிடும்.

---

மிசிசாகா மண் (ஒன்டாரியோ)

ரெண்டு வரி சேர்க்கிறன். ஒருக்கா நட்டாப் பிறகு முதல் ரெண்டு மூண்டு கிழமை மட்டும் தண்ணி விடுங்கோ. பிறகு மழை காணும். களிமண் நிலமெண்டால் அரை அடிக்குப் பாத்தியை உயர்த்திப் போட்டு நடுறது நல்லது. கிழங்கைத் தொடேக்க கையுறை போடுங்கோ, சிலருக்குத் தோல் அரிக்கும். வீட்டில நாய், பூனை இருந்தால் வெட்டின கிழங்கைக் கிடக்க விடாதேங்கோ, அதுகள் கடிச்சால் கூடாது.

என்னட்ட "கிரேட் லேக்ஸ்" நிக்குது. எங்கட ஒன்டாரியோவில கசின்ஸ் எண்டவர் உருவாக்கினது, வெளிர் நீலம், 1942இல டைக்ஸ் பதக்கம். அதுவும் வாபாஷ் காலத்துப் பூதான். ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிண்டால் வடிவாயிருக்கும்.

---

வெண்டைத்தோட்டம்

ஒரு கேள்வி கேக்குறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்தப் பழைய ரகத்து மேல இவ்வளவு ஆசை ஏன்னு புரியல. புது ஐரிஸ் எல்லாம் பூ பெருசு, இதழ் தடிச்சது, ஒரு தண்டுல மொட்டு ஜாஸ்தி, சிலது செப்டம்பர்ல மறுபடியும் பூக்குது. வாபாஷ் வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு வாரம். இடம் கம்மியா இருக்கிறவங்க எதுக்கு இதை வைக்கணும்?

---

பழையபூ

நியாயமான கேள்வி, தம்பி. பூவின் அளவும் மொட்டின் எண்ணிக்கையும்தான் கணக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. புதிய ரகங்களில் அழகானவை நிறைய உண்டு, நானும் வளர்க்கிறேன்.

முதலில் தோட்டத்துக் காரணம். பழைய பூவில் இதழ் மெல்லியது, பூ சிறியது, தண்டுக்குப் பாரம் குறைவு. மே மாத இடிமழை முடிந்த காலையில் வந்து பாருங்கள். கனத்த புதுப்பூக்கள் பல தண்டோடு சாய்ந்திருக்கும், வாபாஷ் நிற்கும். கவனிக்க ஆளில்லாத கல்லறைத் தோட்டங்களிலும் கைவிட்ட பண்ணை வீடுகளிலும் இன்று வரை பூப்பவை பெரும்பாலும் இந்தத் தலைமுறைச் செடிகளும் இவற்றுக்கு மூத்தவையும்தான்.

அடுத்த காரணம் எனக்கு இதைவிட முக்கியம். வாபாஷை விதையிலிருந்து எடுக்க முடியாது. விதை போட்டால் முளைப்பது வேறொரு செடி. 1930களில் இண்டியானாவில் பூத்த அந்த ஒரே ஒரு நாற்றின் கிழங்கைப் பிரித்து, பிரித்து, கைமாற்றிக் கொடுத்துத்தான் இன்றுள்ள ஒவ்வொரு வாபாஷும் வந்திருக்கிறது. வேலியோரம் நிற்பது அந்தச் செடியேதான், அதன் பேரப்பிள்ளை அல்ல. பிரிப்பதையும் கொடுப்பதையும் எல்லோரும் நிறுத்திவிட்டால் ரகம் போய்விடும், பிறகு எந்தக் கலப்பினாலும் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது. பழைய விலைப்பட்டியல்களில் பெயர் மட்டும் மிஞ்சி, செடி எங்கேயும் கிடைக்காத ஐரிஸ்கள் அநேகம்.

இன்னொரு விதமாகவும் ஒரு ரகம் தொலையும். செடி உயிரோடு இருக்கும், பெயர் போய்விடும். அதை "நோ-ஐடி" என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பெயரைச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். முடிந்தால் அவரிடம் உட்கார்ந்து, யார் நட்டது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

---

தும்பிப்பார்வை (ஆன் ஆர்பர், மிச்சிகன்)

நான் ஐரிஸ் வளர்க்கிறதில்லை, தட்டான் பூச்சி பார்க்கிறவள். வாபாஷ்னு தேடினப்ப ஈ. பி. வில்லியம்சன் பேரு வந்தது. அந்த வில்லியம்சன்தானா இவர்? 1877ல பிறந்து 1933ல இறந்த எட்வர்ட் புரூஸ் வில்லியம்சன், வட அமெரிக்கத் தட்டான் ஆராய்ச்சியில பெரிய பேரு. குவாத்தமாலா, கொலம்பியா, வெனிசுலா வரைக்கும் போய் சேகரிச்சு, எத்தனையோ புது இனங்களை முதன்முதலா விவரிச்சவர். அவரோட சேகரிப்பு எங்க ஊர் மிச்சிகன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

---

பழையபூ

அவரேதான்! இண்டியானாவில் பிளஃப்டன் என்ற சிற்றூரில் வங்கி நடத்தியவர். வாபாஷ் ஆறு அந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது, செடிக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. கொல்லைப்புறம் அவர்களே, ஃபோர்ட் வேயினிலிருந்து பிளஃப்டன் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தச் செடி உங்களிடம் நெடுந்தூரம் பயணம் செய்து வந்ததாக இருக்காது. அதனால்தான் அதன் வரலாற்றைக் கேட்டு எழுதச் சொன்னேன்.

வில்லியம்சன் அங்கே லாங்ஃபீல்டு ஐரிஸ் பண்ணை வைத்திருந்தார். 1918இல் தன் தந்தையின் பெயரில் "லென்ட் ஏ. வில்லியம்சன்" என்ற ஐரிஸை வெளியிட்டார். அதற்கு முந்திய ஐரிஸ்களில் பெரும்பாலானவை இருமடியம், அதாவது இரண்டு தொகுதியாக 24 குரோமோசோம் கொண்டவை. கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர் துருக்கியின் அமாஸ்யா பகுதியிலிருந்து வரவழைத்த "அமாஸ்" என்ற செடியில் அதைப் போல இரு மடங்கு, 48. உயரமும் பெரிய பூவும் கொண்ட இன்றைய ஐரிஸ் குலம் உருவானதில் அமாஸுக்குப் பெரிய பங்கு உண்டு. லென்ட் ஏ. வில்லியம்சனும் அமாஸ் வழி வந்ததுதான்.

வாபாஷ் உலகத்துக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1936இல் அதை வெளியிட்டவர் மகள் மேரி வில்லியம்சன். லாங்ஃபீல்டின் இன்னொரு ஐரிஸான "டாரதி டீட்ஸ்" அதன் பெற்றோரில் ஒன்று. தட்டானுக்கும் ஐரிஸுக்கும் ஒரே மனிதர் இவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருவது.

---

சென்னைமாடி (சென்னை)

படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. யாராவது ஊருக்கு வரும்போது ஒரு கிழங்கு கொண்டு வந்தா மாடியில தொட்டியில வருமா? கொடைக்கானல்ல அண்ணன் வீடு இருக்கு, அங்க வைக்கலாமா?

---

பழையபூ

சென்னையில் இலை விடலாம், பூக்காது. மொட்டு உருவாகக் குளிர்காலம் வேண்டும், வாரக்கணக்கில் நல்ல குளிர். நம் ஊர் வெப்பத்தில் மழைக்காலம் வந்ததும் கிழங்கு அழுகிவிடும். கொடைக்கானலில் குளிர் ஓரளவு கிடைத்தாலும், கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும். இந்தச் செடி கோடையில் காய்ந்து கிடக்க விரும்புவது. மேலும் மண்ணோடு ஒட்டிய கிழங்கைப் பெட்டியில் போட்டு எடுத்து வருவது தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்துக்கு விரோதம். தயவுசெய்து வேண்டாம்.

இந்தியாவில் தாடி ஐரிஸ் பார்க்க வேண்டுமென்றால் வசந்தத்தில் காஷ்மீருக்குப் போங்கள். அங்கே கல்லறைகளின் மேல் வெள்ளை ஐரிஸ் நடுவது வழக்கம். "ஐரிஸ் காஷ்மீரியானா" என்ற இனம் அது. நான் மேலே சொன்ன ஃபாஸ்டர் அதிலிருந்து "காஷ்மீர் ஒயிட்" என்ற ரகத்தை எடுத்தார். தோட்டத்து வெள்ளை ஐரிஸ்களின் பின்னணியில் அந்த இரத்தம் இருக்கிறது.

சென்னைக்கு ஏற்றது "ஐரிஸ் டொமெஸ்டிகா", சிறுத்தைப் புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூ. முன்பு பெலம்காண்டா என்று அழைத்தார்கள். வெயில் தாங்கும், விதையிலேயே வரும்.

---

கொல்லைப்புறம்

பிளஃப்டன் இவ்வளவு பக்கம்னு தெரிஞ்சதும் உடம்பே சிலிர்த்துடுச்சு. இன்னைக்குக் காலையில மேலிதழ் பார்த்தேன், பால் வெள்ளை. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட ஞாயிற்றுக்கிழமை பேசப் போறேன்.

ஒரு பயம் இருக்கு. ரெண்டு மூணு இலையில ஓரத்துல பல்லு பல்லா கடிச்ச மாதிரியும், ஈரமா ஒரு கோடு கீழ இறங்குற மாதிரியும் இருக்கு. என்னது?

---

வெண்டைத்தோட்டம்

அக்கா, அது ஐரிஸ் துளைப்பான் புழு. நம்ம கிழக்கு, மத்தியமேற்குப் பக்கம் ஐரிஸுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்ல. உடனே பாருங்க. கோடு முடியிற இடத்துல இலையை ரெண்டு விரலால அழுத்தி நசுக்குங்க, புழு உள்ளேயே செத்துரும். இன்னும் சில வாரம் விட்டா கீழ இறங்கிக் கிழங்கையே குடைஞ்சுரும், ஜூலையில பார்த்தா உள்ள ஒண்ணும் இருக்காது, வெளித்தோல் மட்டும் இருக்கும்.

அது வாழ்ற விதம் தெரிஞ்சா வேலை சுலபம். அந்துப்பூச்சி செப்டம்பர், அக்டோபர்ல காய்ஞ்ச ஐரிஸ் இலையில முட்டை வைக்கும். முட்டை பனிக்காலம் பூரா அங்கேயே இருந்து ஏப்ரல், மேல பொரியும். அதனால நல்லா உறைபனி விழுந்ததுக்கப்புறம், நவம்பர் வாக்குல, காய்ஞ்ச இலை எல்லாத்தையும் வழிச்சு எடுத்துக் குப்பையில போடுங்க. உரக்குழியில போடாதீங்க. பாதிப் பிரச்சினை அதுலயே முடிஞ்சுரும். ஜூலையில பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கையும் ஓட்டை இருக்கான்னு திருப்பிப் பாருங்க.

---

மிசிசாகா மண்

புழு போன ஓட்டையாலதான் அழுகல் உள்ளிடுறது. கிழங்கு கொழகொழத்து, நாத்தமெண்டால் சகிக்க ஏலாது. அப்பிடி இருந்தால் பழைய கரண்டியால அந்தச் சதையை நல்ல வெள்ளைச் சதை தெரியுமட்டும் வழிச்செறிஞ்சிட்டு, வெயில்ல காய விடுங்கோ. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து ஊத்திக் கழுவலாம். வெட்டுற கத்தியையும் ஒவ்வொரு செடிக்குப் பிறகும் அதில தோயுங்கோ. செடி தப்பும். நான் கனக்கக் கண்டிருக்கிறன்.

பூ முடிஞ்ச கையோட சிலர் எல்லா இலையையும் வெட்டி விடுவினம். அதை நான் ஏற்க மாட்டன். அடுத்த வருசப் பூவுக்கு உணவு சேர்க்கிறது அந்த இலைதான். பூத்தண்டை மட்டும் அடியோட வெட்டுங்கோ. இலையை வெட்டுறது இடம் மாத்தி நடேக்க மட்டும்.

---

வெண்டைத்தோட்டம்

இதுல எனக்கும் அதே கருத்து. உரத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை: புல்வெளிக்குப் போடுற நைட்ரஜன் உரம் ஐரிஸ் பக்கம் போகவே கூடாது. இலை தளதளன்னு வரும், பூ வராது, அழுகலும் கூடும். 5-10-10 மாதிரி நைட்ரஜன் குறைஞ்சதா, வசந்தத்துல ஒரு கைப்பிடி, பூ முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஒரு கைப்பிடி. கிழங்கு மேல படாம சுத்திலும் போடுங்க.

பழையபூ ஐயா, என் கேள்விக்கு நீங்க சொன்னதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மழைக்கு நிக்கிற விஷயத்துல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு, புதுசுலயும் தண்டு கெட்டியான ரகம் உண்டு. ஆனா அந்த ஒரே நாத்துதான் இன்னைக்கு வரைக்கும் கைமாறி வருதுங்கிறது எனக்கு இதுவரை தோணாத விஷயம். அக்கா, மிச்சம் இருந்தா எனக்கு ஒரு கிழங்கு தருவீங்களா? ஓஹையோதான், வந்தே வாங்கிக்கிறேன்.

---

கொல்லைப்புறம்

கண்டிப்பா தம்பி. ரெண்டு புழு நசுக்கியாச்சு, மிச்ச இலையெல்லாம் சாயந்திரம் பார்க்கணும். ஜூலை மூணாவது வாரம் பிரிக்கலாம்னு இருக்கேன். இருபது முப்பது கிழங்கு தேறும்னு தோணுது. கேக்குறவங்களுக்கெல்லாம் தர்றேன்.

---

பழையபூ

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை, அதை இந்த வாரமே செய்ய வேண்டும், பூ இருக்கும்போதே. பழைய புதர்களில் இரண்டு ரகம் பின்னிக் கிடப்பது சகஜம். ஜூலையில் எல்லா இலையும் ஒரே பச்சை, எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருக்கும் ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒரு துணி நாடா கட்டுங்கள். வேறு நிறத்தில் ஏதாவது ஒரு தண்டு பூத்தால் அதற்கு வேறு நாடா. பூக்காத விசிறிகளுக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். நாடா கட்டிய தண்டோடு ஒட்டி வளர்ந்த குட்டிகளை மட்டும் பெயர் சொல்லிக் கொடுங்கள். மற்றவற்றைத் தனிப் பாத்தியில் நட்டு, பூக்கும்வரை காத்திருங்கள். பிரித்து நட்ட ஐரிஸ் சில சமயம் முதல் வசந்தத்தில் பூக்காது, இரண்டாவது வசந்தம் வரை பொறுக்க வேண்டும்.

கிழங்கைக் கொடுக்கும்போது பெயரை இலையின் மேலேயே நீர் படாத மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஐரிஸ் சங்கங்களின் கோடைகால விற்பனையில் அப்படித்தான் செய்வார்கள், காகிதச் சீட்டு கழன்று விழுந்துவிடும். நட்ட இடத்தில் உலோகப் பட்டை ஒன்று, வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் பாத்தியின் வரைபடம் ஒன்று. இரண்டும் வேண்டும், பட்டையைப் பனி வாரும் மண்வாரியோ பிள்ளைகளோ இடம் மாற்றிவிடுவார்கள்.

பெயர் உறுதியான வாபாஷ் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆகஸ்டில் அனுப்பி வைக்கிறேன். உங்கள் செடியிலிருந்து மூன்றடி தள்ளி, அதே வெயிலில் நடுங்கள். இரண்டும் ஒன்றாகப் பூக்கும் ஆண்டில் "ஆக இருக்கலாம்" என்பதை அழிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம்.